முக்காட்டுக்குள் இருக்கும் கூந்தலுக்கும் உரிமை உண்டு

நிக்காஹ் நாள் குறிக்கப்பட்டவுடன் நம் வீடுகளில் ஒரு பட்டியல் எழுதத் தொடங்குகிறோம். நகை, துணிமணி, விருந்து, அழைப்பிதழ் என நீளும் அப்பட்டியலில் அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்துள்ளது. மணப்பெண்ணின் முடியை நேராக்க வேண்டுமாம். பிறந்தது முதல் சுருள் முடியோடு வளர்ந்த பெண்ணிடம், திருமணத்திற்கு ஒரு வாரம் இருக்கும்போது, அந்த முடி ஒரு குறை என்று நாம் அறிவிக்கிறோம். பிறகு அழகு நிலையத்திற்கு அழைத்துச் சென்று, கண் எரியும் புகைக்கு நடுவே மூன்று நான்கு மணி நேரம் உட்கார வைக்கிறோம்.

இதற்கு நேர்மாறான வழக்கமும் நம்மிடையே உண்டு. 'முக்காட்டுக்குள் இருக்கும் முடியை யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று கூறி, ஆண்டுக்கணக்கில் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஈரம் காயாத தலையை அவசரமாக முடிந்து, முக்காடிட்டு, கல்லூரிக்கோ வேலைக்கோ ஓடுகிறோம். முடி முரடாகி, நுனி வெடித்து, கொத்தாக உதிரத் தொடங்கிய பின்னரே விழித்துக்கொண்டு, விளம்பரங்களில் காணும் ஹேர் மாஸ்க் ஒவ்வொன்றையும் வாங்கிக் குவிக்கிறோம்.

இவ்விரண்டும் ஒரே தவற்றின் இரு முனைகள் என்பது நமது கருத்து. முடி உள்ளவர் அதற்குக் கண்ணியம் அளிக்க வேண்டும் என்னும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நாள்தோறும் தலைவாரி அலங்கரிப்பதிலேயே மூழ்கிவிடுவதைத் தடுக்கும் நபிமொழியும் அதே நூலில் இடம்பெற்றுள்ளது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குரிய நடுவழி தெளிவாகிறது. அவ்வழியில் நின்று, எந்தப் பூச்சு உண்மையில் என்ன செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் முடியைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மை. தோலுக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அது மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே, இடுப்பளவு கூந்தலின் நுனி நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் முளைத்ததாகும். அத்தனை ஆண்டு வெயிலையும் உப்புநீரையும் சீப்பையும் அது தாங்கி வந்திருக்கிறது. முடியின் மேற்புறத்தில் வீட்டுக் கூரையின் ஓடுகளைப் போன்று நுண்ணிய செதில்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவை படிந்து கிடந்தால் ஒளி சீராகத் திரும்பும். அதையே மினுமினுப்பு என்கிறோம். அவை தூக்கி நின்றால் முடி முரடாகி, ஒன்றோடொன்று சிக்கும். உயிரற்ற பொருளுக்குத் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. ஆகவே 'சேதமடைந்த முடியை முற்றிலும் குணமாக்கும்' என்று எந்தப் பெட்டியின் மேல் எழுதியிருந்தாலும் அதை நம்ப வேண்டியதில்லை. பூச்சு செய்யக்கூடியது, செதில்களைப் படிய வைப்பதும், மேலே வழுவழுப்பான ஒரு படலம் இடுவதும், மேலும் சேதமாகாமல் காப்பதுமே.

நம் உம்மம்மாமார் கையாண்ட பொருள்களிலிருந்து தொடங்குவோம். தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் முடித்தண்டின் உள்ளே ஊடுருவும் தன்மை கொண்டது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டு வெளியான மும்பை ஆய்வொன்று, முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டது. அந்த ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அக்காரணம் அறிவியல்முறையில் ஏற்கத்தக்கதே. குளிப்பதற்கு முன்பு தேய்த்தால்தான் இப்பயன் முழுமையாகக் கிடைக்கும். முடி நீரை உறிஞ்சி ஊதிப் பெருப்பதை எண்ணெய் குறைக்கிறது. குளித்த பின் தேய்க்கும் எண்ணெயால் கிடைக்கும் பாதுகாப்பு இதைவிடக் குறைவு; பளபளப்போடு தலையணையில் கறையையும் அது தருகிறது.

ஊறவைத்து அரைத்த வெந்தயமும் செம்பருத்தி இலையும் ஒரே வழியில் செயல்படுகின்றன. இரண்டிலும் உள்ள கொழகொழப்பான பசை முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சிக்கைக் குறைத்து, சீப்பை எளிதாக இறங்கச் செய்கிறது. அடுத்த குளியலோடு அது போய்விடும். எனினும் செலவு குறைவு. தீங்கும் மிக அரிது. நன்கு அரைத்து வடிகட்டாவிட்டால் வெந்தயத் துகள்கள் இரண்டு நாள் தலையிலேயே தங்கியிருக்கும். அது ஒன்றே இதன் குறை.

தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் இலேசான புளிப்புத் தன்மை கொண்டது. செதில்கள் படிய அது உதவுகிறது. தயிரின் கொழுப்பு சிறிது மென்மையும் தருகிறது. முட்டை பெரிதும் புகழப்படும் பூச்சு. ஆனால் அதன் புரத மூலக்கூறுகள் முடிக்குள் நுழைய இயலாத அளவு பெரியவை. மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பு மேற்பூச்சாக உதவுவது மட்டும் உண்மை. அதனைச் சுடுநீரில் அலசினால் முட்டை வெந்து முடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பட்டு அறிந்தவர்கள் நம்மில் பலர். முட்டையைத் தலையில் பூசுவதைவிடப் பிள்ளைகளுக்கு உண்ணக் கொடுப்பதே முடிக்கும் நல்லது. முடி உருவாகும் இடம் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கு உணவின் வழியாகவே புரதம் சென்று சேரும்.

மருதாணி தனி வகை. அதன் நிறமி முடியின் கெரட்டினோடு பிணைந்துவிடும். முடி தடித்ததுபோல் தோன்றும். ஆனால் அடிக்கடி இடும்போது வறட்சியும் முரட்டுத்தனமும் உண்டாகின்றன. எனவே மென்மைக்காக மருதாணி இடுவோர், அதை மாதந்தோறும் இடாமல் இடைவெளி விடுவது நன்று. தூய மருதாணி செம்பழுப்பு நிறமே தரும். ஒரு மணி நேரத்தில் கறுப்பாக்கும் 'கறுப்பு மருதாணி' பொட்டலங்களில் பிபிடி என்னும் சாயப்பொருள் கலந்திருக்கக்கூடும். கடும் ஒவ்வாமையைத் தூண்டுவதில் அது பேர் பெற்றது.

இனி, கடையில் விற்கும் பூச்சுகள். விலை ஐம்பதாயினும் ஐந்நூறாயினும், பின்புறத்தில் உள்ள பட்டியலைப் படித்தால் பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பொருள்களையே காண்போம்: நீர், சீட்டியரில் ஆல்கஹால், நேர்மின் ஏற்றமுள்ள மென்மையாக்கி, டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன், நறுமணம். சேதமடைந்த முடி எதிர்மின் ஏற்றம் கொண்டிருப்பதால், அந்த மென்மையாக்கி சேதமான இடங்களிலேயே அதிகம் சென்று ஒட்டிக்கொள்கிறது. உடனடி வழுவழுப்பு என்ற ஒன்றை மட்டும் அளந்தால் கடைப் பூச்சு அடுக்களைப் பூச்சை வென்றுவிடும். இதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் மாஸ்க் என்பது பெரும்பாலும் சற்றுக் கெட்டியாக்கப்பட்ட கண்டிஷனரே. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். இரவு முழுதும் வைத்திருப்பதால் பயன் பன்மடங்காகப் பெருகுவதில்லை.

அப்பட்டியலில் 'ஆல்கஹால்' என்ற சொல்லைக் கண்டு பலர் தயங்குகின்றனர். சீட்டைல், சீட்டியரில் போன்றவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். வேதியியலில் அவற்றுக்கு அப்பெயர் உண்டே தவிர, அவை போதை தருபவை அல்ல. கெரட்டின் சேர்த்த பூச்சுகளில், அது ஆட்டு உரோமம், பறவை இறகு போன்றவற்றிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். இதில் பேணுதலை விரும்புவோர், தாவர மூலப்பொருள் என்று தெளிவாகக் குறிப்பிட்டுள்ள பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். நிறுவனத்திற்கு எழுதியும் கேட்கலாம்.

கடமையான குளிப்பு குறித்தும் ஐயம் எழுவதுண்டு. எண்ணெய்ப் பசையோ மருதாணியின் நிறமோ நீர் சேர்வதைத் தடுப்பவை அல்ல என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. காய்ந்து ஒட்டிக்கொண்ட குழம்பே தடுக்கும். ஆகவே எந்தப் பூச்சாயினும் தலைத்தோலில் தங்காமல் முழுவதுமாக அலச வேண்டும். பூச்சை முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனி வரை மட்டும் தடவுவது இதற்கும் எளிது. முடிக்கும் அதுவே ஏற்றது.

இவையனைத்தையும்விட ஆபத்தான பெயர்க் குழப்பம் ஒன்று உள்ளது. 'கெரட்டின் மாஸ்க்' என்று கடையில் விற்பது சாதாரணக் கண்டிஷனர் வகை. அழகு நிலையத்தில் செய்யும் 'கெரட்டின் ட்ரீட்மென்ட்' முற்றிலும் வேறு. அதற்கான கரைசல்கள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு, அல்லது சூடாக்கும்போது அதனை வெளிவிடும் பொருள் உள்ளது. முடிமேல் அதைத் தடவி, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் இழுக்கும்போது எழும் புகையே கண்ணையும் தொண்டையையும் எரிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது. நம் மகள் அப்புகையில் ஒரு நாள் அமர்கிறாள். அங்கு பணிபுரியும் பெண்ணோ நாள்தோறும் அதையே சுவாசிக்கிறாள். அவளும் யாரோ ஒருவரின் மகள்தான்.

'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்னும் வாக்குறுதியும் முழு ஆறுதல் தருவதில்லை. அவற்றுள் சிலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இடம்பெறுகிறது. 2020, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண் ஒருவருக்கு, ஒவ்வொரு முறையும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2024ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அவருக்குப் பயன்படுத்திய பூச்சில் அந்த அமிலம் இருந்தது. ஒருவரின் அனுபவம் எல்லோருக்கும் விதியாகிவிடாது. ஆனால் மணமேடைக்குச் செல்லும் பெண்ணை, குறிப்பாகக் கருவுற்றிருக்கும் அல்லது பாலூட்டும் தாயை, அத்தகைய ஐயத்திற்கு உள்ளாக்கும் தேவை என்ன?

முக்காடு அணிவோருக்குப் பூச்சைக் காட்டிலும் பயன் தரும் சில பழக்கங்கள் உள்ளன. ஈரமான முடி எளிதில் அறுபடும். ஈரத்தோடு மூடிவைத்தால் துர்நாற்றமும் பொடுகும் வர வாய்ப்புண்டு. எனவே முக்காடிடும் முன் தலையை உலரவிட வேண்டும். நாள் முழுதும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டும் கொண்டை, நெற்றியோர முடியை வேரோடு பலவீனமாக்கும். தளர்வாகப் பின்னுவது நல்லது. உள்தொப்பியின் முரட்டுத் துணி உராய்ந்து செதில்களைக் கலைப்பதால், சாட்டின் போன்ற வழுவழுப்பான துணியில் உள்தொப்பி தைத்துக்கொள்ளலாம். கடற்கரை ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாகவோ கடினமாகவோ இருக்கும். அதன் உப்புகள் முடியில் படிந்து அதை முரடாக்கும். கடைசி ஒரு சொம்பு மட்டும் மழைநீரிலோ குடிநீரிலோ அலசிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

எந்தப் பூச்சு சிறந்தது என்ற கேள்விக்கு நமது விடை இதுவே. வாரம் ஒருமுறை, குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய். குளித்த பின் நுனிக்கு மட்டும் எளிய கடைப் பூச்சு, அல்லது வடிகட்டிய வெந்தயப் பசை. எண்ணெய் உள்ளே காக்கிறது, பூச்சு மேலே படிய வைக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. ஐயமுள்ளோர் வகிட்டின் வலப்புறம் ஒரு பூச்சும் இடப்புறம் மற்றொன்றும் இட்டு நான்கு வாரம் பார்க்கலாம். அதுவரை ஷாம்பூவை மாற்றக்கூடாது. அந்தச் சோதனை எந்த விளம்பரத்தையும்விட உண்மை பேசும். புதிய பொருளை முதலில் காதின் பின்புறம் சிறிது தடவி ஒரு நாள் பார்ப்பதும் அவசியம். முடி திட்டுத்திட்டாக உதிர்ந்தால் பூச்சைத் தேடாமல் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லி முடிப்போம். வாரத்தில் ஒரு நாள் மகளைத் தரையில் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துவிடும் உம்மா, அவளுக்கு முடி பராமரிப்பை மட்டும் கற்றுத் தருவதில்லை. அல்லாஹ் தந்த உருவம் பேணத்தக்கது, வெட்கப்படத்தக்கது அன்று என்றும் கற்றுத் தருகிறாள். அப்படி வளர்ந்த பெண்ணிடம், நிக்காஹுக்கு ஒரு வாரம் முன்பு எவரேனும் 'முடியை நேராக்கிக்கொள்' என்றால், 'என் முடிக்கு என்ன குறை?' என்று அவளே அமைதியாகக் கேட்பாள். அக்கேள்வியைக் கேட்கும் துணிவை நம் மகள்களுக்கும், அதைக் கேட்டு மனம் மாறும் பண்பை நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக.