மறுமொழி தராத தரகர்

பவணந்தி முனிவர் தமது நன்னூலில் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் வகுத்துள்ளார். ஆறு வினாக்களுள் ஒன்று கொளல் வினா. ஒரு பொருளை விலைக்குக் கொள்ளும் எண்ணத்தோடு வினாவுவது அது. உரையாசிரியர்களும் அதற்கு உதாரணங் காட்டப் புகும்போது வணிகனையே தேடிச் செல்கின்றனர். அவ்வினாவுக்கு ‘உண்டு’ என உடன்பட்டுக் கூறுவது நேர்விடை. ‘இல்லை’ என்பது மறைவிடை. ‘அதில்லை, இதுண்டு’ என்பது இனமொழி. ‘உடம்பு நொந்தது’ என்று தனக்கு உற்றதைச் சொல்லித் தப்புதற்குங்கூட முனிவர் ஓரிடம் ஒதுக்கியுள்ளார். ஆயின், கேட்டவன் கேட்டபடி நிற்க, கேட்கப்பட்டவன் யாதொன்றுங் கூறாது இருந்துவிடுதலை அவர் எவ்வகையிலுஞ் சேர்த்தாரல்லர். அக்காலத்து வணிகர் மறுமொழி கூறினர் போலும். இக்கால வன்னியிலே பழைய உழவு இயந்திரம் ஒன்று வாங்கப் புறப்படுபவனுக்கு இந்த ஒன்பதாவது விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது.

இதனை நான் ஏட்டிற் படித்து எழுதவில்லை. 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஆறு ஏக்கர் வயல் செய்யும் என் மைத்துனர், தமது இருசக்கர உழவு இயந்திரம் இனித் திருத்துதற்கு இயலாதென்று கைவிட்டு, நாற்சக்கர இயந்திரம் ஒன்று பழையதாய் வாங்கத் தீர்மானித்தார். கூலிக்கு உழுவிப்பவருக்கு முறை வருமுன் மண்ணின் ஈரம் போய்விடுகிறது என்பது அவர் பல போகங்களிற் கண்ட உண்மை. கையில் நகை விற்ற பணமும், கூட்டுறவுச் சங்கத்திற் பெற்ற கடனும் இருந்தன. “மச்சான், நீங்கள் படிப்பிக்கிற ஆள்; உங்களோடெண்டால் மரியாதையாகக் கதைப்பாங்கள்” என்று கூறித் தரகரோடு பேசும் பொறுப்பை என்மேல் வைத்தார். அவர் கணித்தது முதல் நாளளவிற்குச் சரியாகவே இருந்தது.

ஐந்து தரகரோடு பேசினேன். ஐவரும் முதல் அழைப்பிலே தேன் சொரிந்தனர். வாங்க வேண்டும் என்று நாம் கூறுங்கால் மாலைக்குள் மறுமொழி வருகின்றது. அடிச்சட்ட இலக்கமும் என்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துள்ளனவா என்று வினவினால் அன்றோடு பேச்சு நின்றுவிடுகின்றது. அனுப்பிய செய்தியைப் பார்த்தமைக்கு அடையாளமாக இரு நீலக்கோடுகள் கைத்தொலைபேசியிலே தோன்றும், அவ்வளவே. அவருள் ஒருவர் மாத்திரம் பேச்சைத் தொடர்ந்தார். அவருக்கு அச்சாரமாக இருபத்தையாயிரம் ரூபா கொடுத்தோம். “மாஸ்ரர், இப்ப ஓட்டத்தில நிக்கிறன், பின்னேரம் எடுக்கிறன்” என்றார். அந்தப் பின்னேரம் ஆவணியிலும் வரவில்லை, புரட்டாதியிலும் வரவில்லை. ஐப்பசியில் முதல் மழை விழுந்தபோது மைத்துனர் மீண்டும் கூலி இயந்திரத்துக்குக் காத்து நின்று, அயலார் விதைத்துப் பயிர் முளைத்த பின்னரே விதைத்தார். அந்தக் காலபோகத்தில் வந்த நெல் கடன் தவணைக்குப் போதவில்லை. அச்சாரப் பணம் கார்த்திகையில் ஒரு சிறுவன் கையில் வந்து சேர்ந்தது. அதுபற்றி நன்றியுடையேன், வராதவர்களும் உளர். மாசியில், அரிவு வெட்டெல்லாம் முடிந்த பின்னர், அதே தரகர் அழைத்து, “மாஸ்ரர், அந்த மிசின் இன்னும் நிக்குது, வேணுமோ?” என்றார். நான் கூறியது நன்னூலார் வரிசையில் இரண்டாவது விடை.

தரகு வன்னிக்குப் புதியதன்று. எருதும் எருமையுமே வயலை உழுத நாளில் மாட்டுத் தரகர் இருந்தனர். தமிழ்நாட்டுச் சந்தைகளிலே தரகர் துண்டொன்றால் கையை மூடி, துணிக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் யாவரும் அறிந்தது. சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. ஆயினும் விரலைப் பிடித்தவனுக்கு அங்கேயே, அப்பொழுதே மறுமொழி கிடைத்துவிடும். மாட்டின் பல்லைப் பார்த்து வயதறியலாம்; சுழியைப் பார்த்துக் குணம் கூறுவாருமுண்டு, அது எவ்வளவு மெய்யோ. இரணைமடுக் குளத்தின் கீழ் 1930களில் குடியேற்றங்கள் தொடங்கிய காலத்து விவசாயிக்கு மாட்டின் குறையை அறிய அவனது கண்ணே போதியதாயிருந்தது.

உழவு இயந்திரத்துக்குப் பல்லில்லை. இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே 1964இன் இறுதியிலிருந்து கட்டப்பட்ட மாஸி பேர்குசன் 135 இயந்திரம், மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் என்சினோடு, அரை நூற்றாண்டு கடந்தும் எமது வயல்களில் ஓடுகின்றது. பின்னர் அதே பெயரிற் சென்னையிற் கட்டப்பட்டவையும் வந்தன. இவற்றின் உதிரிப்பாகங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் பொருந்துவன. ஆதலாற்றான் இவை நீடுழைக்கின்றன. அதே காரணத்தாற்றான் ஓர் இயந்திரத்தின் எப்பகுதி எவ்விடத்திலிருந்து வந்ததென்று அறிதல் அரிதாகின்றது. புதிய சிவப்பு வர்ணம் பூசிவிட்டால் முதுமை மறைந்துவிடும்.

இதற்குமேல் எமது மாவட்டங்களுக்கே உரிய ஒரு துயரமும் உண்டு. 2008இன் இறுதியிலும் 2009இன் முற்பகுதியிலும் கிளிநொச்சியிலிருந்து பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர் ஊராகப் பெயர்ந்த மக்களைச் சுமந்து சென்றவை இந்த இயந்திரங்களே. முதியவரும் குழந்தைகளும் நெல்மூட்டையும் ஒரே பெட்டியில் ஏறினர். முள்ளிவாய்க்காலில் மக்கள் வெறுங்கையோடு வெளியேறியபோது இயந்திரங்கள் அங்கேயே நின்றுவிட்டன. பதிவுப் புத்தகங்கள் எரிந்தன. அல்லது சேற்றிலும் மணலிலும் போயின. பின்னாளில் உரிமை கோரி மீட்டவர் உளர். மீட்கக் கூடாதவர் பலர். இப்பொழுது விலைக்கு வரும் ஓர் இயந்திரத்தின் இலக்கத்தை ஒருவன் கேட்கும்போது, அவன் சட்டத்தை மாத்திரங் கேட்கவில்லை. அது இன்னொரு குடும்பத்தின் இழந்த பொருளன்று என்ற உறுதியையுங் கேட்கிறான். அக்கேள்விக்கு மறுமொழி கூறாதிருப்பதை நான் வியாபாரத் தந்திரமென்று எளிதில் விட்டுவிடச் சித்தமாயில்லை.

தரகர் ஏன் மௌனஞ் சாதிக்கின்றனர்? அவர்களுட் பலர் விற்கும் பொருளைக் கண்டதே இல்லை. ஒருவர் தமது படத்தை மற்றொருவருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, ஒரே இயந்திரம் நான்கு தரகரிடம் நான்கு விலைக்கு நிற்கின்றது. நாம் கேட்கும் விபரம் நாலாமவருக்குத் தெரியாது. தெரியாதென்று சொல்ல நாணம். வேறு சிலர் நம்மிலும் அதிகங் கொடுப்பவரை எதிர்நோக்கி நம்மைக் கயிற்றிற் கட்டிய மாடுபோல் வைத்திருப்பர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திற் பெருமளவில் மீண்டுந் திறக்கப்படும்வரை பழைய வாகனத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. அத்தகைய காலத்தில் இன்று விற்பதைவிட நாளை விற்பது இலாபம். ஆகவே இன்றைய அழைப்புக்கு மறுமொழி வராது. ‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பது பெண்பார்க்கும் வீட்டிற்குப் பொருந்தலாம். தரகரிடத்தில் அது எதற்கும் அறிகுறியன்று.

எனினும், நம்மவர் குற்றத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. ஒரு தரகர் என்னிடம் மனந்திறந்து கூறினார்: “மாஸ்ரர், பத்துப் பேர் கேட்டால் ஒருத்தர்தான் வாங்குறார். அந்த ஒருத்தரையும் நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால், அடுத்த நாள் எனக்குத் தெரியாமல் சொந்தக்காரரிட்டைப் போய் முடிச்சுப்போடுவார்.” அவர் கூறியது பொய்யன்று. தரகுப் பணத்தை மிச்சம்பிடித்ததை வீரச்செயல்போல் கோயில் வீதியிலே பேசிய பெரியவர்களை நானே கண்டிருக்கிறேன். சொந்தக்காரரின் பெயரையும் ஊரையும் தரகர் மறைப்பதற்கும், இலக்கத்தைக் கேட்டவுடன் வாய் மூடுவதற்கும் இவ்வச்சமும் ஒரு காரணம். வேலை செய்தவனுக்குக் கூலி கொடாத ஊரில் வேலை செய்பவன் ஒளித்தே நடப்பான்.

பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரை பழைய மோட்டார் வண்டிச் சந்தையைப் பற்றியது. விற்பவனுக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆதலால் வாங்குபவன் எல்லாவற்றையும் பழுதென்றே எண்ணி விலையைக் குறைக்கிறான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அவ்விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டு விலகுகிறான். இறுதியில் சந்தையில் எஞ்சுவன பழுதானவையே. இவ்வாராய்ச்சிக்காக அவர் 2001இல் ஏனைய இருவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எமது வயலோரத்தில் ஒவ்வொரு கமக்காரரும் அனுபவத்தால் அறிந்த சங்கதி இது. மறுமொழி தராத தரகர் தாம் அறியாமலே தம் சந்தையைத் தாமே கெடுக்கிறார் என்பதே அதன் பொருள்.

உழவு இயந்திரத்திலும் பன்மடங்கு விலையுள்ள பழைய பொருள்களும் உலகிற் கைமாறுகின்றன. 1947 டிசம்பர் 10ஆந் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தைத் தொடங்கிய எயர் சிலோன், டக்கோட்டா விமானங்களைக் கொண்டே தொழிலை ஆரம்பித்தது. பழைய விமானம் வாங்குவோரும் தரகர் மறுமொழி தருவதில்லையென்று குறைகூறுவதுண்டு. ஆனால் அவர்களுக்கு ஒரு துணை இருக்கின்றது. விமானத்தின் உடலுக்கும் என்சினுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் வைக்கப்பட்டு, பறந்த மணிநேரமும் செய்த திருத்தமும் அவற்றில் எழுதப்படுகின்றன. பதிவேடு தொலைந்த விமானம் பெருமளவு விலை இழந்துவிடும். தரகர் பேசாவிட்டாலும் ஏடு பேசும். எமது இயந்திரத்துக்கும் அவ்வாறு ஓர் ஏடு வேண்டுமென்று கேட்பது பேராசையாகுமா? நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதும்: எண்ணெய் மாற்றிய நாள், கிளச் மாற்றிய நாள், திருத்தியவர் பெயர். இன்று புதிதாக இயந்திரம் வாங்குவோர் தொடங்கினால், பத்தாண்டின் பின் அதனை வாங்குபவன் இவரை வாழ்த்துவான்.

அந்த ஏடு உண்டாகும்வரை, இவ்வளவாவது செய்க. அதிகாலையிலே, விற்பவர் எழுந்து என்சினைச் சூடாக்குமுன் போய் நிற்க வேண்டும். குளிர்ந்த என்சின் உண்மை கூறும்; சூடான என்சின் உபசாரம் கூறும். நீலப் புகை விடாது வருமாயின் என்சின் எண்ணெய் எரிகின்றது, உள்ளே தேய்வு உண்டு. கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுத் தடையையோ காட்டும். பின்புறத் தூக்கியிற் கலப்பையை ஏற்றி நிறுத்திச் சிறிது நேரம் பார்த்திருக்க வேண்டும். தானாக இறங்கினால் விலையும் அதனோடு இறங்க வேண்டும். இலக்கங்களைத் தகட்டில் மட்டுமன்றி வார்ப்பிலும் விரலால் தடவிப் பார்த்தல் நன்று. கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறி வரும் இயந்திரத்தை, பதிவுப் புத்தகத்திற் பெயருள்ளவரை நேரிற் காணாமல் வாங்கலாகாது. அவர் இறந்துவிட்டாரெனின் பிள்ளைகளைக் காண வேண்டும். இரண்டு அழைப்புக்கு மறுமொழி தராதவரை மூன்றாம் முறை அழைக்க வேண்டாம். நான் ஒருவரைப் பதினேழு முறை அழைத்தேன். அது விடாமுயற்சி அன்று, மூடத்தனம்.

பழைய மாணவர் சங்கத்தாரிடம் இதனை ஏன் கூறுகிறேன் எனின், இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் எமது கல்லூரியிற் படித்தவர் இருக்கின்றனர். தரகரிலும் உளர், இயந்திரந் திருத்துவோரிலும், வங்கியிலும், கச்சேரியிலும், கமநல சேவை நிலையங்களிலும் உளர். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புகள் ஊர்தோறும் இயங்குகின்றன. அவற்றின் வாயிலில் ஒரு கரும்பலகை வைத்து, விற்பனைக்குள்ள இயந்திரத்தின் இலக்கம், வகை, சொந்தக்காரர் ஊர், கேட்கும் விலை, தரகர் பெயர், தரகுப் பணம் எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்பவற்றைச் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும். தரகு அமைப்பின் முன்னிலையிலே கொடுக்கப்படுமாயின் தரகருக்கு ஒளிக்க வேண்டிய தேவையும் குறையும். விற்றுவிட்டால் அழித்துவிட வேண்டும். அழியாத பலகை தரகரின் மௌனத்திலும் தீது.

என் மைத்துனர் 2024 வைகாசியில் ஓர் இயந்திரம் வாங்கினார். முல்லைத்தீவுப் பக்கத்தில், பலசரக்குக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த துண்டுக் கடதாசியைக் கண்டு, நேரே வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்தார். கடதாசி ஒட்டியவர் வயோதிபர், பிள்ளைகள் வெளிநாட்டில். புத்தகமும் இலக்கமும் ஒத்திருந்தன. பின்புறத் தூக்கி சற்று இறங்குகிறது என்று அவரே முதலிற் சொன்னார். கடைக்காரருக்கு என்ன கொடுப்பது என்று மைத்துனர் கேட்டபோது, அவர் ஒரு சோடாவுக்குக் காசு வாங்கிக்கொண்டார்.