தைரொக்சினும் வாய் திறக்காத கிளினிக்கும்

"காலமை வெறும் வயித்தில போடுங்கோ." தைரொக்சின் தொடங்கும் பலருக்குக் கிளினிக்கில் கிடைக்கும் விளக்கம் இவ்வளவுதான். இரண்டாம் கிழமை சிலருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நித்திரை வராது. பயத்தில் குளிசையை நிறுத்தினால், "சொல்வழி கேளாதவள்" எண்டு அவளுக்கே ஏச்சு.

படபடப்பு, மருந்தின் அளவு கூடிப்போனதன் அறிகுறியாக இருக்கலாம்; டொக்டரிட்டச் சொன்னால் அளவை மாற்றுவார். மருந்து உடம்பில் ஒரு நிலைக்கு வரக் கிழமைக்கணக்காகும். அதனால்தான் 6–8 கிழமைக்குப் பிறகு இரத்தம் சோதிக்கிறார்கள். அதுக்குள்ள களைப்புப் போகேல்லை எண்டால் மருந்து பிழையில்லை. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேணும்.

இதைச் சொல்ல ரெண்டு நிமிசம் காணும். "சனம் கூட" எண்டு சாட்டுச் சொல்லாதேங்கோ. அந்தச் சனம்தான் விடிய வந்து வரிசையில நிக்குது.