பேட்ச் போடுங்க மக்களே!

சிறுசேரி சிப்காட்ல உட்கார்ந்து வெளிநாட்டு சர்வர்களை மேய்க்கும் மக்களே, இது உங்களுக்குத்தான்.

நம்ம கூடுவாஞ்சேரி ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் வரிசையில், கடவுச்சொல் மாற்ற உதவும் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ்ஸில் ஒரு ஓட்டை: லாகின் செய்யாமலே உள்ளே போகலாம். 2021 செப்டம்பரில் பேட்ச் வந்தாச்சு. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தில் அதைப் போடவில்லை. நவம்பர் 9-ல் ஆசாமிகள் நுழைந்தார்கள். 2022 ஜனவரியில்தான் தெரிந்தது. போரில் காணாமல் போனவர்கள், அவர்களைத் தேடும் குடும்பங்கள் என்று 5,15,000 பேருக்கு மேல் விவரங்களில் கை வைத்துவிட்டார்கள்.

ஓட்டை விட்டது ஜோஹோ தப்புதான். ஆனா பேட்ச் வந்தும் ரெண்டு மாசம் சும்மா இருந்தது? நெட்வொர்க்குக்கே சாவி வெச்சிருக்கிற மென்பொருளுக்குத்தான் 'டவுன்டைம் கிடைக்கல, அடுத்த மாசம் பாக்கலாம்'னு இழுக்குறாங்க. அதுக்குத்தான் முதல்ல போடணும். அரை மணி நேரம் சர்வர் நின்னா மேனேஜர் கத்துவார். கத்தட்டுமே!