வைத்தியக் கடனும் வங்குரோத்துச் சட்டமும்

எம்மோடு முன்னர்க் கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றிற் கணிதம் கற்பித்து இளைப்பாறிய நண்பரொருவர் அண்மையில் ஒரு மாலைப்பொழுது வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்தார். அவர்தம் மனைவியாருக்கு இருதயத்தில் அடைப்பு. அரசினர் வைத்தியசாலையிற் பெயர் பதிந்து முறை வரும்வரை காத்திருக்க நாளில்லை என்று வைத்தியர் கூறவே, தனியார் வைத்தியசாலையொன்றிற் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. அம்மையார் இப்பொழுது நலமே. நண்பர்தாம் நோயாளிபோற் காணப்பட்டார்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "பண்டிதர், நாடே வங்குரோத்தெண்டு சொல்லித் தப்பிக்கொண்டுது. நான் சொன்னால் என்ன?" என்று வினவினார். யாம் நகைத்தோம், அவர் நகைக்கவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வங்குரோத்து என்னுஞ் சொல் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற முதுசங்களுள் ஒன்று. சிங்களத்தார் வழங்கும் 'பங்கொலொத்' என்பதும் அவ்வழி வந்ததே. இன்னும் பின்னோக்கிச் செல்லின், காசு மாற்றுவோன் அமர்ந்திருந்த பலகை உடைந்ததைக் குறிக்கும் இத்தாலிய வழக்கிற் கொண்டு சேர்க்கும். தமிழகத்தார் 'மஞ்சட் கடுதாசி கொடுத்தான்' என்பர். வணிகர் 'நொடித்தான்' என்பர். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதில் இகழ்ச்சி ஏறியிருக்கின்றது. நோயினாற் கடன்பட்டவனுக்கென்று தனிச்சொல் எம்மொழியிலும் இல்லை, அயல்மொழியிலும் யாம் அறிந்தவரை இல்லை.

சொல்லில் இல்லாத இவ்வேறுபாடு, பழைய சட்டத்தில் இருந்தது என்பதே வியப்பு. இலங்கையிற் கடனிறுக்க வகையற்ற தனியாளுக்குரிய சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். கோப்பித் தோட்டங்கள் ஓங்கியிருந்த காலத்தில், 1849இல் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட சட்டத்தைத் தழுவி அது இயற்றப்பட்டது. கடன்பட்டவன் மாவட்ட நீதிமன்றத்தை நாடுவான். வர்த்தமானியில் அறிவித்தல் வெளிவரும். கடன் கொடுத்தோர் கூடுவர். அவன் சொத்துக்கள் ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டுப் பங்கிடப்படும். ஈற்றில் நீதிபதி சான்றிதழ் வழங்குவார். அச்சான்றிதழ் பெற்றவன் பழைய கடன்களினின்றும் விடுதலை பெறுவான்.

அச்சான்றிதழோ மூன்று தரத்தது. தவிர்க்கவியலா நட்டத்தாலும் துர்ப்பாக்கியத்தாலும் வீழ்ந்தவனுக்கு முதலாந்தரம். ஓரளவு தன் பிழையும் கலந்து வீழ்ந்தவனுக்கு இரண்டாந்தரம். துர்ப்பாக்கியம் சிறிதுமின்றித் தன் செயலாலேயே வீழ்ந்தவனுக்கு மூன்றாந்தரம். மாணாக்கருக்குத் தரமிட்டே காலங்கழித்த எமக்கு இம்முறை மிக உவப்பாயிற்று. தரமிடுவது மனிதரை மேலும் நாணச் செய்யும் என்று கருதிப்போலும், இங்கிலாந்தார் 1861இல் அதனைக் கைவிட்டனர். ஆயினும் அக்காலத்து நீதிபதி, 'இவன் ஏன் கடன்பட்டான்?' என்று கேட்கவேனும் கடமைப்பட்டிருந்தார். இன்று வட்டிக்காரன் அதனைக் கேட்பதில்லை, வங்கியும் கேட்பதில்லை.

அங்ஙனமாயின் எம் நண்பர் நேரே புதுக்கடைக்குச் சென்று விண்ணப்பிக்கலாமே எனின், இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகின்றது. அமெரிக்காவில் வைத்தியசாலையே கடன்காரனாக வந்து நிற்கும். நோயாளி வீடு திரும்பிய பின்னர்ப் பட்டியல்கள் தபாலில் வந்து குவியும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவன் நீதிமன்றஞ் சென்று அவற்றைத் துடைத்துக்கொள்ள வழியுண்டு. அந்நாட்டு வங்குரோத்துக்களில் ஏறத்தாழப் பாதி நோயின்பாற்பட்டவை என்று 2005இல் ஓர் ஆய்வு கூறிற்று. வைத்தியசாலை அனுமதியாலேயே நேர்வன நூற்றுக்கு நான்களவே என்று 2018இல் மற்றோர் ஆய்வு மறுத்தது. எது சரியாயினும் ஆகுக. அங்கே வைத்தியக் கடன் வைத்தியக் கடனாகவே கண்ணுக்குத் தெரிகின்றது.

கொழும்பிலோ, தனியார் வைத்தியசாலையிற் பணங்கட்டிய பின்னரே நோயாளி வாயில் கடப்பது வழக்கம். ஆதலின் வைத்தியசாலைக்கு எவரும் கடன்காரரல்லர். கடன் உருமாறிவிடுகின்றது. எம் நண்பரின் கதையையே எடுத்துக்கொள்வோம். அம்மையாரின் தாலிக்கொடியொழிந்த நகையெல்லாம் செட்டியார் தெருவில் அடைவு. பிடித்த சீட்டு முற்பணமாக எடுத்தாயிற்று. மாதந்தோறும் கட்டுதல் வேண்டும். ஓய்வூதியத்தின்மேல் வங்கிக் கடன். வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரிடம் முன்திகதியிட்ட காசோலைகள். கனடாவிலுள்ள மைத்துனர் அனுப்பிய தொகையோ கணக்கில் எழுதப்படாதது; ஆனால் மிகக் கனமானது.

இவற்றுட் காசோலையே கொடிது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டம், பணமில்லாக் கணக்கின்மேற் காசோலை வரைதலைக் குற்றமாக்கிற்று. ஆகவே வட்டிக்குக் கொடுப்போன் பத்திரத்தை விடுத்துக் காசோலையையே விரும்புகின்றான். வழக்காளிக்கு வேண்டிய அச்சம் அதிலே அடங்கியிருக்கின்றது. காணியுறுதியை ஈடு பெற்ற வங்கிக்கோ அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் போகாமலே ஏலம் கூறும் உரிமை தந்துள்ளது. இவற்றினிடையே 1853ஆம் ஆண்டுச் சட்டம், மூத்தோர் இல்லத்து மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டனாரை ஒத்தது. இருக்கின்றார் என்று அறிவோம், ஆலோசனை கேட்பாரில்லை. நட்டமுற்ற கம்பனிகளுக்கு 2007ஆம் ஆண்டிற் புதிய சட்டம் வாய்த்தது. தனியாளுக்கு வாய்க்கவில்லை.

இலவச வைத்தியமுள்ள நாட்டில் இக்கடன் எவ்வாறு வந்ததென்று மாணாக்கர் கேட்கக்கூடும். 1951இல் அரசினர் வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. அது இந்நாட்டின் பெருமைகளுள் ஒன்று. 1977இல் அரச வைத்தியர் கடமை நேரத்தின் பின் தனியே வைத்தியம் பார்க்க இசைவு பெற்றனர். இன்று நாட்டின் வைத்தியச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்கள் மடியினின்றே செல்கின்றது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்து சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டபொழுது, காத்திருக்கமாட்டாதார் அடைவுகடைப் படியேறினர். 1978இல் நிறுவப்பட்ட சனாதிபதி நிதியம் இருதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் உதவுவதுண்டு. எனினும் எஞ்சிய சுமை நோயாளியின் தோளிலேதான்.

அதே ஆண்டு சித்திரை 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களை இறுப்பதை நிறுத்துகின்றோம் என்று இலங்கை அரசு அறிவித்தது. பேச்சுவார்த்தைகள் நீண்டன. 2024 மார்கழியில் முறிகள் மாற்றப்பட்டன. கடன் கொடுத்தோர் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தனர். அதனைக் கடன் மறுசீரமைப்பு என்னும் பெயரால் அறிஞர் பாராட்டினர். யாம் குறைகூறவில்லை, அறிவுடைச் செயலே. ஆயின் அரசுக்கு மறுசீரமைப்பு, இளைப்பாறிய ஆசிரியனுக்கு வங்குரோத்து என்று இரு சொல் வழங்குவதைத் தமிழாசிரியன் என்ற முறையில் எம்மாற் பொறுத்தல் இயலவில்லை. அரசுக்குக் கிடைத்த தவணையும் தள்ளுபடியும், நோயினால் வீழ்ந்த சிறு வருவாய்க்காரனுக்கும் எளிய முறையில், குறைந்த செலவில், மாவட்ட நீதிமன்றத்திற் கிடைத்தல் வேண்டும். அத்தகைய புதுச்சட்டம், துர்ப்பாக்கியத்தால் கொடுக்கப்பட்ட காசோலையையும் குற்றவழக்கினின்றும் விலக்குதல் வேண்டும். இல்லையேற் பயனில்லை.

நண்பருக்கு இவ்வளவும் கூறினோம். அவருடைய ஓய்வூதியத்தையும் உடுதுணியையும் படுக்கையையும் கடனுக்காகக் கைப்பற்றவியலாதென்று 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை விலக்களித்திருப்பதையுஞ் சொன்னோம். சிறிது தேறினார். புதுக்கடையிலுள்ள எம் பழைய மாணாக்கராகிய சட்டத்தரணியிடம் மறுநாட் செல்வதென்று முடிவாயிற்று. எவ்வழக்காயினும் கடன் கொடுத்தோர் அனைவரின் பெயரும் வேண்டும் என்பதால், கொப்பித் தாளொன்றில் யாமே எழுதத் தொடங்கினோம். அடைவுகடை, சீட்டு, வங்கி, காசோலைக்காரர் என்று நான்கு வரி எழுதியாயிற்று. ஐந்தாம் வரிக்கு மைத்துனரின் பெயரைக் கேட்டோம். நண்பர் எம் கையிலிருந்த பேனையைப் பற்றிக்கொண்டு, "அதை மட்டும் எழுதவேண்டாம், பண்டிதர்" என்றார்.