கூடலூரை நீலகிரிக்கு அனுப்பாதீர்கள்

ஆன்லைன் விண்ணப்பத்தில் நம்ம பக்கத்து ஆட்கள் அதிகம் திணறும் இடம், ஊரைத் தேர்ந்தெடுக்கும் கட்டம்தான். கம்பத்துக்காரர் தாலுகா பட்டியலில் கம்பத்தைத் தேடுவார், இருக்காது. கம்பம் நகராட்சி. அந்தப் பெயரில் ஊராட்சி ஒன்றியம் உண்டு, சட்டமன்றத் தொகுதியும் உண்டு. தாலுகா மட்டும் உத்தமபாளையம். சின்னமனூருக்கும் இதே கதை. கூடலூர்க்காரர் பாடு இன்னும் மோசம். மாவட்டம் கேட்காமல் தாலுகாக்களை மட்டும் வரிசையாகக் காட்டும் தளத்தில் ‘கூடலூர்’ என்று ஒன்று கண்ணில் படும். சந்தோஷமாக அதைத் தட்டினால் போச்சு. அது நீலகிரி கூடலூர்!

எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு இதுதான் நடந்தது. எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை. இரண்டு மாதம் கழித்து, ‘இந்த எல்லைக்கு உட்பட்டதல்ல’ என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கேட்டால், “பெரியவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியல” என்கிறார்கள். நான் சர்வீஸில் கடைசிப் பல வருஷம் கணினிப் பிரிவில் இருந்தவன். அதனால் அடித்துச் சொல்கிறேன்: கோளாறு பெரியவர்களிடம் இல்லை, தளத்தைக் கட்டியவர்களிடம்.

விஷயம் இதுதான். ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்றுதான், கீழே பல. பெரியாற்றுத் தண்ணீரில் வயல் வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கணினிக்காரர்கள் இந்த அமைப்பை ‘ட்ரீ’, அதாவது மரம் என்கிறார்கள். மாவட்டம், கோட்டம், தாலுகா, பிர்க்கா, கிராமம் என்பது வருவாய்த்துறை மரம். ஒன்றியம், ஊராட்சி, குக்கிராமம் என்பது உள்ளாட்சி மரம். தேர்தலுக்கு வேறு மரம். தேனி மக்களவைத் தொகுதியில் மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியும் சோழவந்தானும் சேர்ந்திருக்கின்றன. தபால்காரர் மரம் இன்னொன்று. நாம் தனி மாவட்டமாகி இத்தனை வருஷம் ஆகியும் கம்பத்தின் பின்கோடு மதுரைக்குரிய 625-ல்தான் தொடங்குகிறது. ஒரே ஊர் நாலு மரத்தில் நாலு கிளையில் உட்கார்ந்திருக்கிறது.

இதை ஒவ்வொரு தளமும் தன் இஷ்டத்துக்குப் புதிதாகக் கட்டுகிறது. மாவட்டத்துக்கு ஒரு அட்டவணை, தாலுகாவுக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று. நடுவில் பிர்க்காவும் வேண்டும் என்று யாராவது கேட்டால் கட்டடமே ஆட்டம் காணும். 1996-ல் மதுரையிலிருந்து தேனியைப் பிரித்தார்கள். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, 2020-ல் மயிலாடுதுறை. இன்று மொத்தம் 38 மாவட்டங்கள். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் எத்தனை தளங்களில் எத்தனை பேர் உட்கார்ந்து திருத்தியிருக்க வேண்டும்! ஒருவர் மறந்தாலும் அந்த ஊர் பழைய மாவட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

தளம் கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதுவதில்லை. நிலை, கதவு, ஜன்னலைத் தயாராக வாங்கி வீடு கட்டுவது போல ‘ஃபிரேம்வொர்க்’ என்ற தயார் சரக்கை வைத்துத்தான் கட்டுகிறார்கள். என் கட்சி எளிது. மரத்தைக் கையாளும் பாகமும் அந்தத் தயார் சரக்கிலேயே இருக்க வேண்டும். அது செய்ய வேண்டிய வேலை ஐந்தே ஐந்து: இந்த ஊருக்கு மேலே யார், கீழே யார் யார், உச்சி வரை வழி எது, ஒரு கிளையை அதன் கீழுள்ள எல்லாவற்றோடும் வேறு இடத்துக்கு மாற்றுவது, பேரனைத் தாத்தாவுக்கே அப்பனாக்கும் தப்பை மறுப்பது. ஒரு தடவை ஒழுங்காக எழுதிச் சோதித்துவிட்டால் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

இது நடக்காத காரியமில்லை. கேக் பிஎச்பி என்ற ஃபிரேம்வொர்க்கில் இந்தப் பாகம் கூடவே வருகிறது. ஜாங்கோ என்ற இன்னொன்றில் வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்க வேண்டும். அப்படிப் பலரும் சேர்த்த ஒரு பாகம் ஜாங்கோ எம்பிடிடி. அதைப் பராமரித்தவரே ஒரு கட்டத்தில், இனிப் பராமரிப்பு இல்லை என்று எழுதி வைத்துவிட்டார். நம்பி வீடு கட்டியவன் என்ன செய்வான்?

“எல்லோருக்கும் தேவைப்படாததை எதற்கு உள்ளே திணிக்க வேண்டும், வேண்டியவன் எழுதிக்கொள்ளட்டும்” என்று சின்ன வயசு இன்ஜினியர்கள் வாதாடுவார்கள். யாருக்குத் தேவையில்லை? கடையின் சரக்குப் பட்டியல் மரம். அலுவலகத்தில் அதிகாரி வரிசை மரம். கணக்குத் தலைப்புகள் மரம். வாரிசுப் பட்டியல் மரம். அவரவர் தனியாக எழுதினால் தப்பும் அவரவருக்குத் தனியாக வரும். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கிறவர்கள் இன்ஜினியர்கள் இல்லை. இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் நாம்தான்.

“துறைக்குத் துறை மரம் வேறாச்சே” என்பது அடுத்த சாக்கு. வேறாக இருக்கட்டும். மாங்கன்றும் தென்னங்கன்றும் வேறுதான்; வெட்டும் மண்வெட்டி ஒன்றுதானே! ஊர்களின் விவரமும் கைவசம் இருக்கிறது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பில் கிராமத்துக்குக் கிராமம் தனி எண் உண்டு. பெயர் மாறும், எண் மாறாது. 2020-ல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்து, சில நாளில் வாபஸ் ஆனது நினைவிருக்கும். பெயரை மட்டும் நம்பிய தளம் அந்த வாரம் என்ன பாடு பட்டிருக்கும்? பெயரை நம்பினால் ஆந்திராவில் பெரிய ஏரியோடு இருக்கும் இன்னொரு கம்பத்துக்கும் நம்ம கம்பத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மேலே எந்தக் கிளை என்று பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூரிலும் இந்த வேலையில்தான் இருப்பார்கள். தீபாவளிக்கு வரும்போது இதைப் படிக்கக் கொடுங்கள். “உன் தளத்தில் எங்க ஊரு எந்தக் கிளையிலப்பா?” என்று கேளுங்கள். அதுவரை கம்பம், கூடலூர், சின்னமனூர்க்காரர்கள் முதலில் தேனி மாவட்டம், பிறகு உத்தமபாளையம் என்றே தட்டுங்கள்.