சில்லி சிக்கன் தெருவுக்குத் தெரு... ஆனா கொல்கத்தா சைனாடவுன் மட்டும் காலியாவது ஏன்?

சித்தேரி மலையில் இருந்து இறங்கி அரூர் வந்தால், சாயங்கால நேரத்து ஃபாஸ்ட்ஃபுட் கடையில் ஹக்கா நூடுல்ஸ் கிடைக்கும். இந்த 'ஹக்கா' ஏதோ மசாலா பெயர் இல்லைங்க, ஒரு சீன சமூகத்தின் பெயர். இந்தியாவில் அவர்கள் அதிகமாகக் குடியேறிய ஊர் கொல்கத்தா.

அங்கே சைனாடவுன் இரண்டு. பழையது, லால்பஜார் அருகே உள்ள திரெட்டி பஜார். அடுத்தது, ஹக்கா மக்கள் தோல் பதனிட்ட டாங்ரா.

திரெட்டி பஜாரில் சாப்பிடணும்னா விடியற்காலையிலேயே போயிடணும். ஆவி பறக்கும் மோமோ, பாவ், மீன் உருண்டை சூப் எல்லாம் தெருவோரத்திலேயே விற்பார்கள். ஞாயிறு காலைதான் களைகட்டும். 9 மணிக்கு மேல் போனால் காலி பாத்திரம்தான். பக்கத்திலேயே 'சீ இப் சர்ச்', 'நாம் சூன் சர்ச்' என்று போர்டு இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே இருப்பது சீன தெய்வங்கள், ஊதுபத்தி வாசனை. வீட்டுக்கு வாங்கிவர சாஸ் பாட்டில்கள் உண்டு. கொல்கத்தா சீனர்களின் 'பௌ சோங்' பச்சை மிளகாய் சாஸுக்கு அந்த ஊரில் தனி மவுசு.

ஆனால் விற்பவர்களில் சீன வம்சாவளியினர் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒருகாலத்தில் சுமார் 20,000 பேர் இருந்த சமூகம், இன்று சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டது.

முதல் அடி 1962 போர். சீன வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். விசாரணை கிடையாது. சிலர் வெளியே வர 1967 வரை ஆனது. திரும்பியவர்களில் பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. கனடா உள்ளிட்ட நாடுகளுக்குக் கிளம்பியவர்கள் ஏராளம்.

இரண்டாவது அடி டாங்ராவுக்கு. மாசு காரணமாக தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்றச் சொல்லி 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலைகள் பாந்தலா பக்கம் போயின. டாங்ராவில் ஹோட்டல்கள்தான் முக்கியப் பிழைப்பானது. இன்று சுற்றுலா வருபவர்கள் சாப்பிடப் போவதும் அங்கேதான்.

அங்கே சீனர்கள் கும்பிடும் காளி கோவில் ஒன்று இருக்கிறது. நம்ம ஊர் கோவிலில் பொங்கல் மாதிரி, அங்கே பிரசாதம் நூடுல்ஸ்!

ஊரைக் கலகலப்பாகப் பார்க்க ஜனவரி - பிப்ரவரியில் வரும் சீனப் புத்தாண்டு சமயத்தில் போகலாம். அப்போது சிங்க நடனம் நடக்கும். 18-ம் நூற்றாண்டில் இங்கு சர்க்கரை ஆலை வைத்த முதல் சீனக் குடியேறி டோங் அச்சுவின் கல்லறைக்கும் கூட்டம் போகும். ஹூக்ளி கரையில் அது இருக்கும் ஊருக்கு இன்றும் அவர் பெயர்தான்: அச்சிப்பூர்.