பூட்டை உடைத்தார்களா?

தெஃப்ட், பர்க்ளரி, ராபரி மூன்றையும் ஒரே பொருளில்தான் பெரும்பாலும் பேசுகிறோம். வேறுபாடு பார்ப்பவர்களும் தொகையை வைத்தே பார்க்கிறார்கள்: கொஞ்சம் போனால் தெஃப்ட், நிறையப் போனால் ராபரி. அது தவறு. எவ்வளவு போனது என்பதல்ல, எப்படிப் போனது என்பதே இவற்றைப் பிரிக்கிறது. யாருக்கும் தெரியாமல் நூறு பவுன் நகையை எடுத்துக்கொண்டு போனாலும் தெஃப்ட்தான். கத்தியைக் காட்டி நூறு ரூபாய் பறித்தாலும் அது ராபரி. திருடுவதற்காகக் கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைவது பர்க்ளரி. உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் மூன்றையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், முதல்முறை செய்யும் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை; ராபரிக்கு 10 ஆண்டு; அதுவே இரவில் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு. பொருளை இழப்பதைவிட உயிருக்கு அஞ்சி நிற்பது பெரிய கொடுமை என்று சட்டம் கருதுகிறது. அந்தக் கருத்து நியாயமானது.

இதெல்லாம் வக்கீல்கள் பாடு, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு அதற்குப் பதில் சொல்கிறது. சரக்குக்கு பர்க்ளரி பாலிசி எடுத்திருந்த வியாபாரி ஒருவரின் சரக்கு திருடு போனது. வலுக்கட்டாயமாக உள்ளே நுழைந்து திருடியிருந்தால்தான் இழப்பீடு என்பது பாலிசியின் வாசகம். அப்படி நுழைந்ததற்குத் தடயம் இல்லை. திருட்டு நடந்தது உண்மை. ஆனாலும் பாலிசியில் எழுதியிருப்பதே செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் வீட்டுப் படி ஏறாதவரும் பாலிசியில் கையெழுத்துப் போடுகிறார்.

அப்படியானால் குற்றம் வாசகத்தை எழுதியவர்கள் மீதுதானே என்றால், பாதி உண்மை. சாதாரண மக்களுக்குப் புரியாத அளவுக்கு அந்த வரையறை கடுமையாக இருக்கிறது, திருத்த வேண்டும் என்று அதே தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொன்னது. எளிய மொழியில் எழுதுவது நிறுவனங்களின் கடமை. ஆனால், கையெழுத்துப் போட்ட பிறகு ‘நான் வேறு மாதிரி நினைத்தேன்’ என்பது செல்லாது. பாலிசி எடுக்கும் முன்பே, பூட்டு உடையாமல் திருடு போனால் பணம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது குற்றத்துக்குப் பெயர் சூட்ட வேண்டாம். கதவு எப்படித் திறந்திருந்தது, யாராவது மிரட்டினார்களா, என்னென்ன போயிற்று என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.